குன்னூர்ப் பக்கத்துப் பனி

அந்தச் சறுக்குக் கட்டைகளை நிமிர்த்திப் பிடியுங்கள் தம்பி. முழங்காலில் இடிக்கிறது.

இல்லை, ஜன்னல் ஓரம் எனக்கு. இடது பக்கம் மூன்றாவது சீட்டில்தான் காலடியில் சூடு வரும். நீங்கள் இப்படி உட்காருங்கள். தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேனா? பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் கத்திக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் ரிப்பேர் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

முதல் தடவையா? தெரிகிறது. கட்டையில் வாடகை ஸ்டிக்கர். எந்த ஊர்? டல்லாஸா. சரி.

மலை மேலே பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று போனில் போட்டிருக்கிறான்? பதினாலு இஞ்சா? போடுவான். ராத்திரி ஒரு தடவை, விடியற்காலம் ஒரு தடவை அளக்கிற பலகையைத் துடைத்துத் துடைத்து அளந்து கூட்டினால் பதினாலு வரும். விழுந்த பனி சும்மா இருக்காது, அமுங்கும். எட்டரை மணிக்கு ஒரே தடவை அளந்தால் பதினொன்று. நான் எட்டரைக்கு ஒரே தடவை அளக்கிற ஆள்.

எனக்குச் சறுக்கத் தெரியாது. எழுபத்து நான்கு வயதில் விழுந்தால் யார் தூக்குவது? அளக்கப் போகிறேன். தினமும் போகிறேன். வயசானவர்களுக்கு பஸ் சும்மா.

பேர் பெரியநாயகம். தேவாலா தெரியுமா? நீலகிரி. கூடலூருக்குப் பக்கம். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் மழை அளந்தேன். காலை எட்டரைக்கு டப்பாவைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்த்து, எழுத வேண்டும். இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட். ஒரு இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள் விட்டுப்போனது கிடையாது. என் கல்யாணத்தன்றும் அளந்துவிட்டுத்தான் போனேன். இரண்டு இஞ்ச் பதினேழு சென்ட்.

இங்கேயும் இஞ்ச்தான். அதனால் இந்த நாடு எனக்குப் பிடித்துப்போயிற்று. என் சம்பந்திதான் மில்லிமீட்டர்.

சம்பந்தி என்றால் என் மாப்பிள்ளையின் அப்பா. தர்மலிங்கம். குன்னூர்க்காரர். ரயில்வேயில் இருப்புப்பாதை பார்க்கிற வேலை. மலை ரயில் பாதையில் எங்கே மண் சரியும், எங்கே பாறை உருளும் என்று மழையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரும் அளந்திருக்கிறார். ஆனால் மில்லிமீட்டரில். அதோடு ஒரு வாய். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேவாலாவும் குன்னூரும் ஒரே ஜில்லா. ஆனால் எங்கள் மழை வேறு, அவர்கள் மழை வேறு. எங்களுக்கு ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று கொண்டுவந்து கொட்டும். அப்போது குன்னூரில் வெயில் அடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் அவர்களுக்குக் கொட்டும். அப்போது எங்களுக்கு ஒன்றும் இருக்காது. நடுவில் மலை நிற்கிறதில்லையா, அதுதான்.

இது என் பெண் கல்யாணத்துக்குத் தேதி வைக்கும்போது எனக்கு நினைப்பில்லை. ஐப்பசியில் மழை முடிந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். தேவாலாவில் முடிந்துவிடும். கல்யாணம் குன்னூரில். அவர் எதிர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? "பொண்ணு வீட்டுக்காரங்க சொல்றீங்க, சரி" என்றுவிட்டார். கல்யாணத்தன்றைக்கு விடிகாலையில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்து ரோடு போய்விட்டது. பெண்ணோடு எங்கள் வேன் ஊட்டியிலேயே நிற்கிறது. முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம். இந்த மனுஷர் ரிட்டயர் ஆகியும் பழைய மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகிற டிராலி ஒன்றை அனுப்பிவைத்தார். நாலு ஆள் தள்ள, பட்டுப்புடவையோடு என் பெண் சுகந்தி அதில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு போனாள். முகூர்த்தம் தப்பவில்லை, சரி. ஆனால் என் மரியாதை? ரயில்வே சாமான் மாதிரி பெண்ணை அனுப்பினேன் என்று கூடலூர் முழுக்கப் பேச்சு. பதினொரு வருஷம் ஆயிற்று. இன்றுவரை நான் அவரை அதற்கு மன்னித்ததில்லை.

அப்படிப்பட்டவரோடு ஒரே ரூமில் இருக்கவேண்டி வந்தது.

ஊரில் சம்பந்தி வீடு என்றால் ஒரு வேளை சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கிளம்பிவிட வேண்டும். இங்கே சுகந்தி வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரே ரூம். இரண்டு கட்டில். ஒரு பாத்ரூம். நான் போன வருஷமே வந்துவிட்டேன். எனக்குப் பெண்டாட்டி இல்லை. எஸ்டேட் வீட்டை ரிட்டயர் ஆனதுமே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அப்புறம் கூடலூரில் ஒரு லாட்ஜில் இருந்தேன். ஒன்பது வருஷம். நல்ல லாட்ஜ்தான். அவருக்குக் குன்னூரில் சொந்த வீடு, முன்னால் ஒரு பேரிக்காய் மரம். அவர் சம்சாரமும் போன பிறகு மாப்பிள்ளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். போன ஐப்பசியில் வந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைக்கும்போதே, "சம்பந்தி, குறட்டை விடுவீங்களா? எனக்கு ரயில் சத்தத்துல தூங்கிப் பழக்கம், தாராளமா விடுங்க" என்றார். அது என்ன பேச்சு?

மாப்பிள்ளை கோபிநாத் சறுக்குப் பைத்தியம். சனிக்கிழமை ஆனால் கட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு. வீட்டிலிருந்து இரண்டு மலை. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இருபது மைல் வித்தியாசம். இங்கிலீஷ் பேர் எனக்கு வாயில் நுழையாது. நான் முதலில் வந்த வருஷம் வடக்கு மலையில்தான் கொட்டோ கொட்டு என்று கொட்டியது. அதனால் அது தேவாலா என்று பேர் வைத்தேன். சம்பந்தி வந்ததும், "அப்ப மிச்சம் இருக்கறது குன்னூர்" என்றார். அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பேர். பேத்தி ஓவியா பள்ளிக்கூடத்தில் போய் குன்னூரில் சறுக்கினேன் என்று சொல்லி டீச்சர் தேடிப் பார்த்திருக்கிறாள்.

மாப்பிள்ளை ஒரு நாள் படம் விரித்துக் காட்டினார். கடலோரத்து மலைக்குக் காற்று ஈரத்தோடு வந்து முட்டும். அங்கே பனி மலைமலையாக விழும், ஆனால் பிசைந்த மாவு மாதிரி கனம். அப்புறம் பாலைவனம். அதைத் தாண்டி வருவதற்குள் காற்று பாதி காய்ந்துவிடும். அதனால் இங்கே விழுவது இலவம் பஞ்சு. இன்னும் கிழக்கே போனால் அளவே பாதிதான் என்கிறார். அதுகூடப் பரவாயில்லை. ஒரே மலைத்தொடரில், பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஒன்றில் ஐந்நூறு இஞ்ச் விழும், இன்னொன்றில் முந்நூறுதான். அடுத்த வருஷம் தலைகீழ். எல்லாம் காற்று எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. வடமேற்கிலிருந்து வந்தால் வடக்கு மலைக்கு. தென்மேற்கிலிருந்து வந்தால் தெற்கு மலைக்கு. இதற்கு எதற்குப் படம்? நாங்கள் இரண்டு பேரும் பார்த்துப் பழகியதுதான்.

அதில்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மாப்பிள்ளை கேட்பார், நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று. நான் ஒன்று சொல்வேன். சம்பந்தி ஒன்று சொல்வார். ஒரு வாரம் நான் முதலில் சொன்னால், அடுத்த வாரம் அவர் முதலில். யார் சொன்ன மலையில் அதிகம் விழுகிறதோ அவருக்கு ஒரு பாயிண்ட். இரண்டு பேரும் ஒரே மலையைச் சொல்லக் கூடாது. ஓவியா பிரிட்ஜ் கதவில் கோடு போடுவாள்.

அளக்க வேண்டுமே. பேப்பரில் போடுவதை யார் நம்புவது? தினமும் காலையில் நாம் ஏறிய அதே நிறுத்தத்துக்கு இரண்டு பேரும் வருவோம். பேசிக்கொள்ள மாட்டோம். தேவாலா பஸ்ஸில் நான், குன்னூர் பஸ்ஸில் அவர். இரண்டு மலையிலும் லிப்ட் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். எட்டரைக்கு நான் என் எஸ்டேட் குச்சியை வைப்பேன். அவர் ரயில்வே ஸ்டீல் ஸ்கேலை வைப்பார். நான் கொஞ்சம் பனியை டிபன் பாக்ஸில் அள்ளிவந்து உருக்கித் தண்ணீர் எத்தனை சென்ட் என்றும் பார்ப்பேன். "சம்பந்தி ரசம் வைக்கப் போறாரு" என்பார். எங்கள் ஊரில் பனி விழுந்தால் தேயிலை கருகும், யாரும் சிரிக்க மாட்டார்கள். இவருக்கு எல்லாம் சிரிப்பு.

தை மாசம் சுகந்தி உண்டாகியிருப்பதைச் சொன்னாள். ஆடியில் குழந்தை. ஓவியாவைக் கீழே படுக்கவைக்க வேண்டும். கீழே இருப்பதோ ஒரு ரூம். சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை சொன்னார், மாசி கடைசி வரைக்கும் யாருக்குப் பாயிண்ட் அதிகமோ அவருக்குத்தான் ரூம் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுகந்தி முறைத்தாள். "அது சும்மா விளையாட்டுக்குப்பா. தடுப்பு போட்டுக்கலாம். ரெண்டு பேரும் இருக்கப்போறீங்க" என்றாள்.

விளையாட்டு என்றால் என்ன? பாயிண்ட் போடுவது விளையாட்டா? நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஜெயித்தவர் இருக்க வேண்டும், தோற்றவர் கிளம்ப வேண்டும். சம்பந்தி தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அப்புறம் ஒரு தடவை கேட்டார். ரூமில், விளக்கை அணைக்கிறதுக்கு முன்னால். "தோத்தா எங்க போவீங்க சம்பந்தி?" என்றார். தோற்றால்தானே என்றேன். லாட்ஜில் ரூம் இருக்குமா என்றார். எதற்கு இல்லாமல் இருக்கும்? முதல் மாடி, கடைசி ரூம். பெயிண்ட் அடித்து வேறு பேர் வைத்திருக்கிறார்களாம், அவ்வளவுதான். அவர் விளக்கை அணைத்தார். குறட்டை விடவில்லை அன்றைக்கு. அவரும் விடுவார் தம்பி. என்னைச் சொல்லிவிட்டு.

கடைசி வெள்ளிக்கிழமை. ஆளுக்கு ஐந்து. இந்த வருஷம் தெற்கு வருஷம், அது எனக்கே தெரியும். தேவாலாவை விடாமல் சொல்லிச் சொல்லித்தான் ஐந்தில் நின்றேன். அன்றைக்கு ரேடியோவில், டிவியில், எல்லாவற்றிலும் தென்மேற்குக் காற்று, பெரிய புயல் என்கிறான். தென்மேற்கு என்றால் இங்கே எந்த மலைக்கு? சொன்னேனே, தெற்கு மலைக்கு. அவருடைய குன்னூருக்கு. முதலில் சொல்ல வேண்டியது அவர் முறை. அவர் குன்னூர் என்று சொல்லிவிட்டால் எனக்குத் தேவாலாதான் மிச்சம். தோற்றேன். என் துணிமணியை எந்தப் பெட்டியில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"தென்மேற்குக் காத்து. அது சம்பந்தி ஊர்க் காத்து. தேவாலாவுலதான் விழும்."

எனக்குக் கேட்டதே சரிதானா என்று சந்தேகம். மாப்பிள்ளை, "அப்பா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிக்க என்ன இருக்கு, ஆடி மாசம் தேவாலா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் இவர். ஊர்க் காற்றை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார், பார்த்தீர்களா? முப்பது வருஷ அனுபவம். அடிப்படையிலேயே கோட்டை விட்டார்.

நான் குன்னூர் என்றேன். வாய் கூசியது. ஆனால் சொன்னேன்.

தேவாலாவில் நாலு இஞ்ச். குன்னூரில் இருபத்திரண்டு.

ஓவியா கோடு போடமாட்டேன் என்று அழுதாள். நானே போட்டேன்.

சுகந்தி எவ்வளவோ சொன்னாள். மாப்பிள்ளை அவர் காலைப் பிடிக்காத குறை. அவர், "ஒண்ணுமில்லடா, பேரிக்காய் மரத்துக்கு ஆள் வேணும், குரங்கு தின்னுட்டுப் போயிடும்" என்றார். ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? உள்ளே போகும்போது திரும்பி, "சம்பந்தி, நல்லா அளங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் ஜெயித்தவன். ரூம் முழுக்க என்னுடையது. இரண்டாவது கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. ஓவியா கீழே வரமாட்டேன் என்கிறாள். சுகந்தி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. பிள்ளைத்தாய்ச்சிக்கு அசதி இருக்கும். மாப்பிள்ளை இப்போது சறுக்கப் போவதில்லை. பனி கெட்டுப்போய்விட்டது என்கிறார். எங்கே கெட்டது? நேற்று ஒன்பது இஞ்ச்.

ஒரு விஷயம் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது அவர் நோட்டு கிடைத்தது. தினமும் எழுதிவைப்பார். மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'தென்மேற்குக் காற்று. குன்னூர் நிச்சயம். ஐந்நூறு மி.மீ. தாண்டும்.' அவர் கையெழுத்துதான். காலையில் சரியாக எழுதியிருக்கிறார், சாயங்காலம் தப்பாகச் சொல்லியிருக்கிறார். வயது. ஞாபகம் போய்விட்டது. எனக்கு இரண்டு வயது மூத்தவர். பாவம்.

என்ன பார்க்கிறீர்கள் அப்படி? வேறு என்ன காரணம் இருக்க முடியும்? தெரிந்தே யாராவது தோற்பார்களா?

இந்த சீட்டில் சூடு வரும் என்பதுகூட அந்த நோட்டில் இருந்ததுதான். 'இடது பக்கம் மூன்றாவது. முழங்கால்காரர்களுக்கு நல்லது' என்று எழுதியிருக்கிறார். அவருக்கு முழங்காலில் ஒன்றும் கிடையாது. எனக்குத்தான் வலி. அதையெல்லாம் எதற்கு எழுதுகிறார், விவஸ்தை இல்லாமல்.

ஆமாம். இது குன்னூர் பஸ்தான். தேவாலா பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும்.

அதற்கு இப்போது என்ன? நோட்டில் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறது. அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தால் எப்படி? மழைக் கணக்கில் ஓட்டை விழுந்தால் அந்த வருஷமே வீண். வேறு ஆள் இல்லை, நான் போகிறேன். இதோ பாருங்கள், ஸ்டீல் ஸ்கேல். நோட்டோடு இருந்தது. மில்லிமீட்டரில்தான் எழுதுகிறேன். ஆரம்பத்திலிருந்து மில்லிமீட்டரில் இருப்பதை நடுவில் மாற்ற முடியாது. முப்பத்தாறு நாள் ஆகிறது.

அளந்ததும் போன் செய்து சொல்லிவிடுவேன். அங்கே அப்போது ராத்திரி எட்டு மணி. மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். இருநூற்று எண்பது என்பேன். ம் என்பார். அங்கே மழையா என்பேன். தூறல் என்பார். வைத்துவிடுவோம். அதற்கு மேல் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது?

நேற்று மட்டும் வைக்கவில்லை. "தேவாலாவுல எவ்வளவு சம்பந்தி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் எப்படிப் பார்ப்பது? எட்டரை மணி ஒன்றுதானே இருக்கிறது. "அப்ப அந்தப் பக்கத்தை யாரு பாக்கறது?" என்றார். முப்பத்தாறு நாளாக என் மலையை நான் பார்க்கவில்லை தம்பி. அது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள் விட்டவன் இல்லை.

ஒன்று செய்யுங்கள். நாளைக்கு அந்த பஸ்ஸில் போங்கள். பனி அங்கேயும் நன்றாகத்தான் இருக்கும். குச்சி தருகிறேன். எட்டரைக்கு வெள்ளைப் பலகையில் நேராக வைத்து, குனிந்து பார்க்க வேண்டும். இஞ்சில் சொல்லுங்கள்.

நாளைக்கு ஊருக்குப் போகிறீர்களா? அது சரி. எல்லோரும் போகிறீர்கள்.

என்ன சொன்னீர்கள்? அவரையே திரும்பக் கூப்பிடுவதா? நன்றாக இருக்கிறது. தோற்றவரை ஜெயித்தவன் எப்படிக் கூப்பிடுவான்? என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஆள் பற்றவில்லை என்றா?

ம்.

இரண்டு மலைக்கு இரண்டு ஆள் வேண்டும், அது வாஸ்தவம். அதில் சொந்த விஷயம் ஒன்றும் இல்லை. வேலை அப்படி. கட்டிலும் இன்னும் எடுக்கவில்லை.

வந்துவிட்டது, எழுந்திருங்கள். கட்டையை முதலில் வெளியே நீட்டுங்கள், என் மேல் இல்லை. எட்டு இருபத்தாறு. வழி விடுங்கள் தம்பி, அவர் அங்கே எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.